காயாத சங்கு

கேமரன் மலையில் சுபத்ராவுக்கு நேர்ந்ததை நான் கூட்டிச் சொல்லவில்லை. ஓரிரு இடங்களில் குறைத்துத்தான் சொல்கிறேன். அங்கே அவளோடு இருந்த ரஞ்சிதம் இன்றும் அதே தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறார். பனி இறங்கும் நேரத்தில் தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரிப் பக்கம் அவரைப் போகச் சொல்லிப் பாருங்கள். மேனேஜரே வந்து கூப்பிட்டாலும் போகமாட்டார்.

சுபத்ராவின் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள்ளிருந்து எடுக்கும் பழம்பொருட்களுக்கு அவள் ஒருவகையில் வைத்தியர். ஒரு பானைத் துண்டைக் கையில் கொடுத்தால், அந்தக் களிமண் எந்த ஊர் மண், எவ்வளவு சூட்டில் சுட்டார்கள், உள்ளே எதைச் சமைத்தார்கள் என்று சோதித்துச் சொல்வாள். பிறகு அது மேலும் உதிர்ந்துபோகாமல் காப்பாற்றுவாள். கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. அளக்க முடியாத எதையும் பேச்சில்கூடச் சேர்த்துக்கொள்ளாத ஆள்.

அந்த அக்டோபரில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இருதயத்தில் கோளாறு. பத்து நாள்கூட இருக்கவில்லை.

வீட்டில் தொட்டில் இருந்தது. துவைத்து மடித்த துணிகள் இருந்தன. வருகிறவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அவளால் அங்கே இருக்க முடியவில்லை. பேறுகால விடுப்பு நிறைய மீதமிருந்தும் வேலைக்குத் திரும்புகிறேன் என்று நின்றாள். கணவன் புனிதன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"உடம்பு தேறட்டும் சுபா. இப்ப என்னா அவசரம்?"

"சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்ங்க."

அவனிடம் அவள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவளுக்குப் பால் வற்றவில்லை. குடிக்க ஆளில்லாத பால். வற்றுவதற்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். தினமும் அதைக் கையில் எடுப்பாள். தண்ணீரையும் எடுப்பாள். பிறகு இரண்டையும் அப்படியே வைத்துவிடுவாள். அதையும் நிறுத்திவிட்டால் பிள்ளை பிறந்ததற்கு அடையாளமே இல்லாமல் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

நவம்பர் மழையில், கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயம் ஒன்று ஆளில்லாமல் கிடந்தது; அதன் பின்பக்கம் அப்படியே பெயர்ந்து கீழே இறங்கிவிட்டது. சரிந்த மண்ணின் விளிம்பில் ஒரு மரப்பெட்டி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் தேயிலை அடைத்துக் கப்பலேற்றிய பெட்டி. உள்ளே ஈயத்தகடு பதித்தது. அந்தத் தகடுதான் உள்ளே இருந்ததை மண்ணோடு மக்கிப்போகாமல் காப்பாற்றியிருக்கிறது.

உள்ளே ஒரு குழந்தையின் எலும்புகள். கண்ணாடிக் கருவளை ஒன்று. அதோடு ஒரு சங்கு. குழந்தைக்குப் பாலூட்டும் சங்கு, சுட்ட மண்ணில் செய்தது. பித்தளைச் சங்கு வாங்க வழியில்லாத யாரோ கையாலேயே பிசைந்து செய்திருக்கிறார்கள். மூக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் தெரிந்தது.

இத்தனை காலம் ஒரே ஈரத்தில் கிடந்ததைத் திடீரென்று வெளியே எடுத்துக்கொண்டு போனால் எல்லாம் வெடித்துவிடும். அங்கேயே வைத்து மெல்ல மெல்ல உலர்த்த வேண்டும். அதற்குத்தான் சுபத்ராவை அனுப்பினார்கள். அனுப்பியவன் கோகிலன், ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளன். பல்கலைக்கழகத்தில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவனுக்கும் மனசில்லை.

"குழந்தை எலும்பு சுபா. நீ இதப் பாக்கணுமா?"

"எலும்புதானே? அனுப்பு."

தோட்டத்து ஆஸ்பத்திரி மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதில் ஓர் அறையைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். மேசை, நுண்ணோக்கி, எடை பார்க்கும் தராசு, ஈரத்தை அளக்கும் கருவி. கூடமாட உதவிக்கு ரஞ்சிதம். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, கலகலப்பாகப் பேசுவார். இரவில் பிரிஞ்சாங்கில் தங்கல். காலையில் தோட்டத்து வேன் கொண்டுவந்து விடும், இருட்டுவதற்குள் வந்து ஏற்றிக்கொள்ளும்.

முதல் நாளே சுபத்ரா எல்லா எலும்பையும் படம் எடுத்து அளந்தாள். தொடை எலும்பு எழுபத்தைந்து மில்லிமீட்டர். பிறந்து சில நாளே ஆன குழந்தையின் அளவு. கை நடுங்காமல்தான் அளந்தாள். அளந்து முடித்து மெல்லிய தாளில் சுற்றி, பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினாள். உலரும்வரை இனி திறக்கக் கூடாது.

சங்கைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தாள். ஈரம் உறிஞ்சும் மணிகளைச் சுற்றிலும் போட்டு இறுக்கி மூடினாள். உள்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளைக் கோகிலனுக்கு அனுப்பினாள். சங்கில் கடைசியாக எதை ஊற்றினார்கள் என்று பார்ப்பதற்கு.

"இது யாரு புள்ள அக்கா? யாருக்காவது தெரியுமா?" என்று ரஞ்சிதத்திடம் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும் மேடம்? அந்த லயத்துல இருந்தவங்க ஒருத்தரும் இப்ப இல்ல. ஜப்பான்காரன் காலத்துல பாதிப் பேரு செத்துப்போனாங்களாம். அவ்ளோதான் நான் கேட்டது."

காய வைத்த மண்பாண்டம் நாளுக்கு நாள் எடை குறைய வேண்டும். தினமும் நிறுத்துப் பார்ப்பாள். இரண்டாம் நாள் குறைந்திருந்தது.

மூன்றாம் நாள் கூடியிருந்தது.

தராசில்தான் கோளாறு என்று நினைத்தாள். சரிபார்த்தாள். தராசு சரியாகத்தான் இருந்தது. ஈரம் உறிஞ்சும் மணிகளை மாற்றினாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடியது. டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தது. ஆனால் சங்கின் அடிப்பக்கம் கறுத்து, நனைந்து கிடந்தது.

ஒரு காலை ரஞ்சிதம் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மேடம், எங்கியாச்சும் பால் கொட்டிட்டீங்களா?"

"இல்லையேக்கா. ஏன்?"

"எறும்பு வருது பாருங்க. பால் புளிச்ச வாட வேற அடிக்குது."

ஜன்னல் விளிம்பிலிருந்து எறும்பு வரிசை. சுவரில் இறங்கி, மேசைக் காலில் ஏறி, அந்த டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே போக வழியில்லாமல் மூடிமேல் மொய்த்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் கோகிலன் கூப்பிட்டான்.

"சுபா, நீ அனுப்புன தூள்ல பால் இருக்கு."

"நல்லதாப் போச்சு. பாலூட்டுற சங்குன்னு உறுதியாயிடுச்சு."

"அதில்ல. இது பழைய பால் இல்ல. புத்தம் புதுசு. அதுவும் தாய்ப்பால்."

அவள் சட்டையின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காத... உனக்கு இன்னும் வருதா?"

"வருது."

"அப்ப உன் கை பட்டிருக்கும். கிளவுஸ் மாத்திட்டுத் திரும்ப எடுத்து அனுப்பு. உன்னோடதுலயும் கொஞ்சம் அனுப்பு. ஒத்துப் பாத்துட்டு ஒதுக்கிடலாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் லா."

அவளுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருட அனுபவத்தில் ஒரு மாதிரியைக்கூட அவள் கெடுத்ததில்லை. கையுறைமேல் கையுறை போட்டுக்கொண்டாள். முகத்தை மூடிக்கொண்டாள். வேறிடத்தில், ஆழமாகச் சுரண்டினாள். இரண்டு குப்பிகளையும் மலையிறங்கும் வேனில் கொடுத்து அனுப்பினாள்.

அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மூன்றரைக்கே பனி இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை, பாதை, எதிர் மலை... ஒன்றொன்றாக அழிந்தன. ரஞ்சிதம் வெள்ளனவே லயத்துக்குப் போயிருந்தார். சுபத்ரா ஈயத்தகட்டின் துண்டு ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்பில் சுருக்கென்றது.

குனிந்து பார்த்தாள். சட்டை நனைந்திருந்தது.

பிள்ளை பெற்றவர்களுக்கு இது தெரியும். குழந்தை அழும் சத்தம் கேட்டால் பால் தானாக இறங்கும். நினைப்பதற்கு முன்பே உடம்பு பதில் சொல்லிவிடும். ஆனால் இங்கே எந்தச் சத்தமும் இல்லை. அறை அமைதியாக இருந்தது.

அப்படித்தான் நினைத்தாள்.

பிறகுதான் அவள் காதுக்கு எட்டியது. உடம்பு முதலில் கேட்டுவிட்டது. காது பிறகு கேட்டது.

மெலிந்த சத்தம். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. அழுது அழுது தொண்டை வற்றிய பிறகு வரும் முனகல். "ங்...ங்..."

வெளியே பூனையாக இருக்கும் என்று ஜன்னலைத் திறந்தாள். பனி உள்ளே வந்தது. சத்தம் வெளியே இல்லை.

அவளுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பினாள். மேசை. நாற்காலி. மூடிய பெட்டி.

முனகல் நின்றது.

அதற்குப் பிறகு வேறொரு சத்தம் வந்தது. "ச்... ச்... ச்..."

அந்தச் சத்தத்தை அவள் பத்து நாளுக்கும் குறைவாகத்தான் கேட்டிருக்கிறாள். ஆனாலும் எங்கே கேட்டாலும் தெரியும்.

மேசைமேல் சங்கின் டப்பா இருந்தது. கண்ணாடிபோன்ற அந்தப் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. உள்ளே யாரோ மூச்சுவிடுவதைப்போல் அது கொஞ்சம் தெளிந்தது... மறுபடி படிந்தது...

வேன் சத்தம் கேட்டதும் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

அந்த வாரக் கடைசியிலேயே அவள் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். பிரிஞ்சாங் அறையில் உட்கார்ந்து துணிமணிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். தூக்கம் கெட்ட மூளை, துக்கம், பால் கட்டிய காய்ச்சல் என்று காரணங்களைச் சேர்த்தும் விட்டாள். அப்போதுதான் கோகிலனின் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் ஆய்வுக்கூடத்தில் இருந்திருக்கிறான்.

"மூணு தடவ டெஸ்ட் ஓட்டிப் பாத்துட்டேன். உன் பால்தான் சுபா."

"நான் கை வைக்கல. சத்தியமா."

"கை பட்டிருந்தா மேலாப்புல மட்டும் இருக்கணும். இது மண்ணோட துளைக்குள்ள எல்லாம் ஊறியிருக்கு. பல தடவ ஊத்துன மாதிரி. என்னா நடக்குது அங்க?"

அவள் வேறொன்று கேட்டாள்.

"அதுக்கு அடியில என்னா இருக்கு? பழசு?"

"மரவள்ளிக்கெழங்கு மாவு. தண்ணியில கரைச்சு ஊத்தியிருக்காங்க. வேற ஒன்னுமே இல்ல."

"பாலு?"

"இல்ல. அந்தக் காலத்துல அந்தச் சங்குல ஒரு சொட்டுப் பால்கூடப் பட்டதில்ல."

சுபத்ரா போனை வைத்தாள். எடுத்துவைத்த துணிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறந்த குழந்தைக்குக் கிழங்கு மாவுத் தண்ணீர். தாய் செத்திருக்க வேண்டும். அல்லது தாய்க்கே சாப்பிட ஒன்றும் இல்லாமல் மார்பு வற்றியிருக்க வேண்டும். யாரோ ஒருவர் மண்ணைப் பிசைந்து சங்கு செய்து, இருந்ததைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்.

திங்கட்கிழமை அவள் தோட்டத்துக்கே போனாள்.

அதன்பிறகு நடந்ததை அவள் வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பகலெல்லாம் ஒழுங்காக வேலை செய்வாளாம். பனி இறங்கும் நேரத்தில் ரஞ்சிதத்தை அனுப்பிவிடுவாளாம். கதவைச் சாத்திவிட்டு, பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாளாம்.

முதலில் முனகல் வரும். பிறகு மடியில் ஒரு குளிர்ச்சி. எடை இருக்காது. குளிர் மட்டும். பிறகு அந்தச் சத்தம். "ச்... ச்..."

அவள் பயந்தாள். ஆனால் பிள்ளை போனபிறகு அவள் நெஞ்சு லேசானது அந்த நேரத்தில் மட்டும்தான். கண்ணை மூடிக்கொள்வாள். கை தானாக வளையும்.

டிசம்பர் வந்தது. அவள் உடம்பு இறங்கத் தொடங்கியது. கன்னம் ஒட்டியது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. நின்றால் தலை சுற்றியது. பிரிஞ்சாங்கில் பார்க்கிறதையெல்லாம் வாங்கிச் சாப்பிட்டாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"என்னாம்மா இப்பிடி எளச்சிட்டீங்க?" ரஞ்சிதம் 'மேடம்' என்பதை விட்டுவிட்டு 'அம்மா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். "ரத்தமே இல்லாத மாதிரி இருக்கு மூஞ்சி. ஊருக்குப் போயிட்டு வாங்கம்மா."

"வேல முடியலக்கா."

"வேலையா? நாள் பூரா அந்தப் பொட்டியத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

இதில் கொடுமை என்னவென்றால், அதற்கு வயிறு நிறையவே இல்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் போதவில்லை. அவள் எழுந்தால் முனகல் தொடங்கியது. முதலில் பனி நேரத்தில் மட்டும் வந்தது, பிறகு மதியத்திலேயே வந்தது. பிறகு காலையில், அவள் கதவைத் திறக்கும்போதே காத்துக்கொண்டிருந்தது. முனகல் இப்போது அழுகையாகியிருந்தது. குரலில் பலம் வந்திருந்தது.

ஒருநாள் ரஞ்சிதம் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். கதவு லேசாகத் திறந்திருந்தது.

சுபத்ரா தரையில் உட்கார்ந்திருந்தாள். சால்வை போர்த்தியிருந்தாள். இரண்டு கையும் எதையோ ஏந்தியிருந்தன. உடம்பு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பாவம், பெத்து இழந்தவ... என்றுதான் ரஞ்சிதம் நினைத்தார். அழுகைகூட வந்தது அவருக்கு. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார்.

சால்வை அசைந்தது.

உள்ளேயிருந்து.

ஏதோ ஒன்று அதைப் பிடித்தது. விட்டது. பிடித்தது. பால் குடிக்கும் குழந்தை தாயின் துணியைக் கசக்குமே... அப்படி.

ரஞ்சிதம் குடையை எடுக்கவில்லை. லயம்வரை ஓடினார். ஓடிய வேகத்தில் செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அன்று மாலையே புனிதனின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்.

"அய்யா, ஒங்க பொண்டாட்டிய வந்து கூட்டிட்டுப் போங்க. ஒடனே வாங்க. இல்லன்னா ஒங்களுக்கு ஆள் மிச்சம் இருக்காது."

மறுநாள் மதியம் புனிதன் வந்து நின்றான். கதவருகே அப்படியே நின்றுவிட்டான். ஒரு மாதத்துக்கு முன் அனுப்பிய மனைவி இவள்தானா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தோள் எலும்பு இரண்டும் சட்டையைக் குத்திக்கொண்டு தெரிந்தன.

"சுபா. கெளம்பு."

"இப்ப வர முடியாதுங்க."

"ஏன்?"

"பசியா இருக்குங்க அதுக்கு."

அவன் அவள் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தான். திட்ட நினைத்து வந்தவன். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது நம்ம புள்ள இல்ல சுபா."

"தெரியும்." அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "நம்ம புள்ளைக்குக் குடுக்க முடியல. இதுவாச்சும் குடிக்கட்டும்."

"குடிச்சு?"

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எது வரைக்கும் குடுப்ப? நீ இருக்கற வரைக்குமா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. அதுதான் அவளுடைய கணக்கு. அவன் அவளைத் தூக்கினான். ஒரு சிறுமியின் எடைகூட இல்லை.

காரில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியதும் அழுகை தொடங்கியது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். தேயிலைச் சரிவு முடிந்தது. ரிங்லெட் ஊர் தாண்டியது. தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளிலும் அது விடவில்லை. தொண்டை கிழிய அழுதது. அவள் சட்டை முழுக்க நனைந்து இருக்கையில் வழிந்தது.

புனிதன் ரேடியோவைப் போட்டான்.

சத்தத்தைக் கூட்டினான்.

இன்னும் கூட்டினான்.

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். தாடை இறுகியிருந்தது. கண்ணில் தண்ணீர்.

அவனுக்கும் கேட்டிருக்கிறது.

மலையடிவாரத்தில் அழுகை நின்றது. மறுநாள் காலை அவளுக்குப் பால் வற்றியிருந்தது. ஒரு சொட்டு இல்லை.

பெட்டியை வேறொருவர் போய்க் கட்டிக் கொண்டுவந்து கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தார். சுபத்ரா வேலையை விட்டுவிட்டாள். உடம்பு மெல்லத் தேறியது. முடி வளர்ந்தது. புனிதன் தொட்டிலைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பெரும்பாலும் அவள் எதையும் கேட்பதில்லை. கொடுத்ததைச் சாப்பிடுவாள். ஜன்னலோரம் உட்காருவாள். மழை வந்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள்.

ஜூன் மாதம் ஒரு மாலை கோகிலன் கூப்பிட்டான். வெகுநாள் கழித்து.

"ஒன்னும் இல்ல, அறிக்கைய முடிக்கணும். ஒரு சின்ன சந்தேகம். தொடை எலும்பு எழுபத்தஞ்சுன்னு போட்டிருக்க. தப்பா எழுதிட்டியா?"

"இல்ல. எழுபத்தஞ்சுதான். அளவுகோலப் பக்கத்துல வச்சுப் படம் எடுத்திருக்கேன்."

"படத்தப் பாத்தேன். அதான் கேக்கறேன். பெட்டி இங்க வந்தப்ப நான் அளந்தேன். தொண்ணூத்தெட்டு."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அஞ்சு மாசக் குழந்தையோட அளவு அது. வேற எலும்பு மாறிடுச்சோன்னு பாத்தேன். அதே எலும்பு. அதே கீறல். தாடையில ஒரு பல்லு வெளிய வந்திருக்கு. உன் படத்துல அந்தப் பல்லே இல்ல."

"கோகிலன்... இப்ப அளந்தியா? இந்த வாரம்?"

"இன்னைக்குக் காலையில."

"எவ்ளோ?"

 போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நூத்திப் பதினொன்னு."

டிசம்பரிலிருந்து அவளிடம் ஒரு சொட்டுக்கூடப் பால் இல்லை. அதை அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான். குரல் உடைந்திருந்தது. அவன் கூப்பிட்டது அறிக்கைக்காக இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சுபா, யுவனேஸ்வரிக்கு ஒடம்பு சரியில்ல."

யுவனேஸ்வரி அவன் மனைவி. அதே ஆய்வுக்கூடத்தில் பொருட்களைப் பாதுகாக்கும் அறை அவள் பொறுப்பு.

"எளச்சிக்கிட்டே போறா. முடி கொட்டுது. எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டோம். ஒன்னும் தெரியல. எங்க துளசிக்கு இப்ப ஏழு வயசு. அதுக்கப்புறம் எங்களுக்குப் புள்ள இல்ல. உனக்கே தெரியும். ஆனா இப்ப அவளுக்குத் திரும்பப் பால் சுரக்குது."

"பெட்டிய வெளிய எடு. கொண்டுபோய்ப் பொதச்சிடு. இன்னைக்கே."

"கேட்டுப் பாத்துட்டேன். அது இப்ப பாதுகாக்கப்பட்ட பொருள். யார் கையெழுத்துப் போட்டாலும் வெளிய போகாது."

"அப்ப அவள அங்க விடாத!"

"விடக் கூடாதுன்னுதான் பாக்கறேன்." அவன் அழுதுகொண்டிருந்தான். "வீட்டுல பூட்டி வச்சா, பசிக்குமே... பசிக்குமேன்னு கதவ அடிக்கிறா."

சுபத்ரா போனைக் கீழே வைத்தாள். பயம் அவளுக்குப் பிறகுதான் வந்தது. அன்று இரவு முழுக்க அவள் விளக்கை அணைக்கவில்லை.

போனை வைத்த அந்த நிமிடத்தில் அவளுக்கு வந்தது பொறாமை.